அப்பா பார்த்த பார்மா

எங்கப்பா 32 வருஷம் பால் சங்கத்துல செகரெட்டரியா இருந்தவரு. ஈரோட்டுக்குப் பக்கத்துல ஒரு கிராமம். காலைல அஞ்சு மணிக்கு ஒருக்கா, சாயங்காலம் நாலு மணிக்கு ஒருக்கா, மழையோ பொங்கலோ எதுவா இருந்தாலும் சங்கத்துக் கதவைத் திறந்தாகணும், போசில பால் கொண்டுட்டு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் சாம்பிள் எடுத்து லாக்டோமீட்டர் விட்டு ஃபேட் பார்த்து அட்டைல எழுதிக் குடுக்கணும். என் கல்யாணத்தன்னிக்குக் கூட காலைப் பாலை வண்டி ஏத்தி அனுப்பிட்டுதான் மண்டபத்துக்கு வந்தாரு. ரிட்டயர் ஆகி ஏழு வருஷம் ஆச்சு, இன்னும் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு உக்காந்திருப்பாரு.

நான் இருக்கறது ஜெர்மனில. ரொம்ப நாளா கூப்பிட்டு கூப்பிட்டு போன வருஷம் செப்டம்பர்லதான் வந்தாரு, ரெண்டு மாசத்துக்கு. அம்மா வரல, மாட்டை யாரு பார்க்கறதுன்னு சொல்லிட்டாங்க. வந்த மூணாவது நாள் சூப்பர்மார்க்கெட் கூட்டிட்டுப் போனேன். காய்கறி வாங்கிட்டுத் திரும்பிப் பார்த்தா அப்பாவைக் காணோம், சீஸ் வெச்சிருக்கற அலமாரி முன்னாடி நின்னுட்டு ஒவ்வொண்ணா எடுத்து விலை பார்த்துட்டு இருக்காரு. "ஏங்கண்ணு, எல்லாம் பால்தானே, இது ஒண்ணு மட்டும் ஏன் இத்தனை விலை?" அவர் கைல இருந்தது பர்மிஜானோ ரெஜ்ஜானோ. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. பழைய சீஸ் அதனால விலைன்னு ஏதோ சொன்னேன், அவரு தலையாட்டுனாரு, ஆனா ஒத்துக்கலைங்கறது முகத்துலயே தெரிஞ்சுது.

அன்னிக்கு ராத்திரிதான் முடிவு பண்ணேன், பாரிஸும் வேண்டாம் சுவிஸும் வேண்டாம், இந்த மனுஷனை அந்த சீஸ் பண்ற இடத்துக்கே கூட்டிட்டுப் போயிரலாம்னு. தேடுனதுல இத்தாலில எமிலியா-ரோமான்யாங்கற மாநிலத்துல ஆறு நாள் சாப்பாட்டு டூர் ஒண்ணு கிடைச்சுது, சின்ன வேன், மொத்தமே ஒம்பது பேரு, பார்மால ஆரம்பிச்சு ரவென்னால முடியும். கைடா வந்தது மோதெனா ஊர்க்காரம்மா. அவங்க இங்கிலீஷ்ல சொல்ல, நான் தமிழ்ல அப்பாவுக்குச் சொல்ல, அப்பா கேக்கற கேள்வியை நான் திருப்பி இங்கிலீஷ்ல கேக்க, ரெண்டாவது நாள்ல இருந்து வேன்ல இருந்த மத்தவங்களும் "உங்க அப்பா என்ன கேட்டாரு"ன்னு என் வாயையே பார்த்துட்டு இருந்தாங்க.

அந்த ஊர்ப்பக்கம் போற ரோட்டைப் பத்தி முதல்ல சொல்லணும். வியா எமிலியான்னு பேரு. கி.மு. 187-ல எமிலியஸ் லெபிடஸ்னு ஒரு ரோமானிய கான்சல் போட்ட ரோடு, ரிமினி கடற்கரைல இருந்து பியாசென்சா வரைக்கும் கோடு கிழிச்ச மாதிரி நேரா போகுது, அந்த மாநிலத்துக்கே பேரு அந்த ரோட்டுல இருந்துதான் வந்துது. பார்மா, ரெஜ்ஜோ, மோதெனா, போலோன்யா எல்லா ஊரும் அந்த ஒரே ரோட்டுல பாசிமணி கோத்த மாதிரி வரிசையா இருக்குது. ஒரு பக்கம் போ ஆத்தோட சமவெளி, இன்னொரு பக்கம் தூரத்துல அப்பெனைன் மலை. சமவெளில எங்க பார்த்தாலும் பச்சை. வேன் ஓடிட்டு இருக்கும்போதே அப்பா கண்ணாடில முகத்தை வெச்சுப் பார்த்துட்டு திடீர்னு என் கையைத் தட்டி, "அம்மிணி, அது குதிரைமசால்!"னாரு. ஊதாப் பூ பூத்த ஒரு வயல். எங்க ஊர்ல மாட்டுக்குப் போடற அதே குதிரைமசால். கைடம்மாகிட்ட கேட்டா ஆமா, இங்க மாட்டுக்கு முக்கியமான தீவனமே அதுதான்னாங்க. அதுக்கப்புறம் அப்பாவுக்கு அது வெளியூரா தெரியல.

சீஸ் பண்ற இடத்துக்கு காலைல எட்டு மணிக்கெல்லாம் போயிட்டோம், ஏன்னா அது காலைல மட்டும்தான் நடக்கற வேலை. உள்ள போனா வெந்நீர் ஆவி, பால் வாசனை, வரிசையா செம்புக் கொப்பரைங்க. மணியைத் தலைகீழா கவுத்து வெச்ச மாதிரி, மேல அகலம் கீழ குறுகல், பாதி தரைக்குக் கீழ இறங்கி இருக்குது. ஒரு கொப்பரைல சுமார் 1,100 லிட்டர் பால். முந்தின நாள் சாயங்காலம் கறந்த பாலை அகலமான தொட்டில ராத்திரி முழுக்க வெச்சு, மேல மிதக்கற ஏடை எடுத்துட்டு, அதுகூட அன்னிக்குக் காலைல கறந்த முழுப் பாலைக் கலக்கறாங்க. காய்ச்சறதோ பதப்படுத்தறதோ கிடையாது, பச்சைப் பால்தான். கறந்த ரெண்டு மணி நேரத்துக்குள்ள பால் இங்க வந்து சேர்ந்தாகணுங்கறது சட்டம். இதைச் சொன்னதும் அப்பா "ஆமா, அப்பதான சரி"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டாரு. பால் வண்டி லேட்டாகி கேன் கேனா பால் திரிஞ்சு போனதை எத்தனையோ தடவை பார்த்தவரு அவரு.

அடுத்தது உறை. நேத்து சீஸ் பண்ணி மிச்சமான தண்ணியை எடுத்து வெச்சு, அது ராத்திரியெல்லாம் புளிச்சிருக்கும், அதை இன்னிக்குப் பாலுக்கு ஊத்தறாங்க. இன்னிக்கு மிச்சம் நாளைக்கு. நான் இதைத் தமிழ்ல சொல்ல வாயெடுக்கறதுக்குள்ளயே அப்பா, "உறைமோரு"ன்னாரு. அவ்வளவுதான், ஒரே வார்த்தை. எங்க வீட்டுல அம்மா ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி பண்ணற கடைசி வேலை அதுதான், ஒரு ஸ்பூன் மோர் எடுத்து வெதுவெதுப்பான பால்ல விட்டு மூடி வெக்கிறது. அந்தப் பக்கத்து ஜனங்க 900 வருஷமா மடத்துச் சாமியாருங்க காலத்துல இருந்து இந்த சீஸைப் பண்ணிட்டு இருக்காங்க, அங்கயும் தினமும் நேத்தைய மிச்சத்துல இருந்து இன்னிக்கு, இன்னிக்கு மிச்சத்துல இருந்து நாளைக்குன்னு வருதுன்னு நினைச்சா எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு.

பால் உறைஞ்சதும் சீஸ் மாஸ்டரு, அவரை கசாரோன்னு சொல்றாங்க, ஒரு பெரிய கம்பி மத்தை எடுத்து உள்ள விட்டாரு. ஸ்பினோன்னு அதுக்குப் பேரு, நீளக் காம்பு, அடில உருண்டையா கம்பிக் கூடு. தயிர் கடையற மாதிரிதான், ஆனா வெண்ணெய்க்கு இல்ல, உறைஞ்ச பாலை அரிசி சைஸுக்கு உடைக்கறதுக்கு. உடைச்சுக்கிட்டே ஒரு கையை உள்ள விட்டு அள்ளி, உள்ளங்கைல வெச்சு விரலால அழுத்திப் பார்க்கறாரு, திரும்ப உடைக்கறாரு, திரும்ப அள்ளறாரு. பக்கத்துல தெர்மாமீட்டரு மெஷின் எல்லாம் இருக்குது, ஆனா எப்ப நிறுத்தணும்னு சொல்றது அந்தக் கைதான். அப்புறம் 55 டிகிரி வரைக்கும் சூடு பண்ணி நிறுத்திடறாங்க. அந்த அரிசி மணியெல்லாம் மெல்ல அடில போய் உக்காந்து, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, ஒரே கட்டியா ஆயிருது. முக்கால் மணி நேரம் கழிச்சு ரெண்டு பேரு மரத் துடுப்பால அந்தக் கட்டியைக் கிளப்பி, துணில ஏந்தி, ஒரு குச்சில கட்டித் தொங்கவிட்டு, கத்தியால சரிபாதியா அறுத்தாங்க. அந்த ரெண்டுக்கும் ரெட்டைப் புள்ளைங்கன்னு பேரு வெச்சிருக்காங்க. 1,100 லிட்டர் பாலுக்கு வெறும் ரெண்டு சக்கரம், ஒவ்வொண்ணும் முத்தினதுக்கப்புறம் சுமார் 40 கிலோ. கிட்டத்தட்ட 14 லிட்டர் பாலு ஒரு கிலோவுக்கு. சூப்பர்மார்க்கெட்ல அப்பா கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் அங்கயே கிடைச்சுது.

ஆனா அப்பா அங்க கேட்ட கேள்வி வேற. "பாலு எதுல உறையுதுன்னு கேளும்மா, மோரு மட்டும் ஊத்துனா இத்தனை சீக்கிரம் உறையாதே." அவரு விடல. கைடம்மா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாங்க, நாங்க இந்தியாக்காரங்கன்னு யோசிச்சிருப்பாங்க போல, அப்புறம் மெதுவா உண்மையைச் சொன்னாங்க, கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கற ரென்னட்னு. இந்த சீஸுக்கு வேற எதுவும் போடக் கூடாதுன்னு விதி. அது புரட்டாசி மாசம். அப்பா கவிச்சி தொடமாட்டாரு. மத்த மாசத்துல ஆடு கோழி சாப்பிடுவாருதான், ஆனா மாடுங்கறது எங்க வீட்டுல வேற விஷயம். டேஸ்ட் பாக்கறதுக்கு ஒரு தட்டுல துண்டு துண்டா வெச்சு எல்லார்கிட்டயும் நீட்டுனாங்க, அப்பா கும்பிட்டு வேண்டாம்னாரு. நான் சாப்பிட்டேன். 24 மாசம் முத்துனது, வாயில வெச்சதும் நறநறன்னு உப்புக்கல்லு மாதிரி ஏதோ கடிபட்டுது, அது உப்பு இல்லையாம், சீஸ் முத்த முத்த உள்ள வெளையற டைரோசின் படிகம். அப்பா அந்தத் துண்டுல ஒண்ணை எடுத்து மோந்து மட்டும் பார்த்தாரு, ரொம்ப நேரம், கண்ணை மூடி. அப்புறம் என் தட்டுல வெச்சுட்டாரு.

பின்னாடி உப்புத்தண்ணித் தொட்டி. சக்கரமெல்லாம் மூணு வாரத்துக்குக் கிட்ட அதுல மிதக்குது. அதைத் தாண்டி கிடங்கு. கதவைத் திறந்தாங்க, வேன்ல இருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்திட்டாங்க. தரைல இருந்து கூரை வரைக்கும் மரப் பலகை, பலகை நிறைய தங்க நிறத்துல சக்கரம், கண்ணுக்கு எட்டுன தூரம் வரைக்கும். குறைஞ்சது 12 மாசம் இங்க இருக்கணும். 12-வது மாசம் பரிசோதகர் வந்து ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு சின்ன சுத்தியால தட்டிப் பார்ப்பாரு. தட்டிக் காட்டச் சொன்னோம். நல்ல சக்கரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கெட்டியா சத்தம் குடுக்குது, உள்ள விரிசலோ காத்தோ இருந்தா அந்த எடத்துல சத்தம் மாறிப் போயிரும். தேறுனாதான் நெருப்பு முத்திரை, தேறாததுல மேல இருக்கற பேரையே சீவி எடுத்துருவாங்க. உள்ள ஏன் காத்து வருதுன்னு அப்பா கேட்டதுக்கு வந்த பதில்தான் அவரை ரொம்ப யோசிக்க வெச்சுது. ஊறுகாய்ப் புல்லு, அதாவது சைலேஜ், அதைத் தின்ன மாட்டுப் பால்ல ஒரு வகை கிருமியோட வித்து வருதாம், பச்சைப் பால்ங்கறதால அது சாகாம சீஸுக்குள்ள போய் மாசக்கணக்குல வாயு கட்டி வெடிக்க வெச்சுருமாம். அதனால இந்த சீஸுக்குப் பால் குடுக்கற மாட்டுக்கு சைலேஜே போடக் கூடாது, புல்லும் உலர்ந்த தீவனமும்தான். மாடு என்ன தின்னுச்சுன்னு ஒரு வருஷம் கழிச்சு சுத்தில தட்டிக் கண்டுபிடிக்கறாங்க! நம்ம ஊர்ல சைலேஜ் போடுங்க பால் கூடும்னு சொல்லிட்டு இருக்கோம், இவங்க அதனாலயே வேண்டாம்ங்கறாங்கன்னு அப்பா அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போதும் அதையேதான் பேசிட்டு இருந்தாரு.

கிடங்குலயே நின்னுட்டு கைடம்மா ரெண்டு விஷயம் சொன்னாங்க. ஒண்ணு பேங்க். கிரெடிட்டோ எமிலியானோங்கற பேங்க் 1953-ல இருந்து இந்த சீஸ் சக்கரத்தை அடமானமா வாங்கிட்டு கடன் குடுக்குது. சீஸ் முத்தறதுக்கு ரெண்டு வருஷம் ஆகும், அதுவரைக்கும் விவசாயிக்கும் கூலிக்கும் பணம் வேணுமே. பேங்க்கே கிடங்கு வெச்சு, சக்கரத்தைப் பத்திரமா பார்த்து, திருப்பி, முத்த வெக்குது. "நகைக்கடன் மாதிரியா?"ன்னாரு அப்பா. அதேதான், ஆனா நகை பீரோவுல சும்மா கெடக்கும், இது வெச்ச எடத்துலயே மதிப்பு ஏறும். அப்பா சிரிச்ச சிரிப்பு இன்னும் என் கண்ணுல இருக்குது.

ரெண்டாவது, நிலநடுக்கம். 2012 மே 20-ம் தேதி ஒண்ணு, 29-ம் தேதி இன்னொண்ணு. பலகையெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு லட்சக்கணக்கான சக்கரம் கீழ விழுந்து உடைஞ்சுது. ஜனங்களும் செத்துப் போனாங்க. உடைஞ்ச சீஸ் ரொம்ப நாள் தாங்காது, சீக்கிரம் வித்தாகணும். அப்ப மோதெனால ஓஸ்டெரியா ஃபிரான்செஸ்கானாங்கற ஹோட்டல் வெச்சிருக்கற மாசிமோ போத்துரா, உலகப் புகழ்பெற்ற சமையல்காரரு, பெக்கொரினோங்கற வேற ஒரு சீஸும் மிளகும் போட்டுப் பண்ற பாஸ்தாவை மாத்தி, பாஸ்தாவுக்குப் பதிலா அரிசியும் பெக்கொரினோவுக்குப் பதிலா பர்மிஜானோவும் வெச்சு ஒரு ரிசோத்தோ, அதாவது குழைவான அரிசிச் சாப்பாடு, அதுக்குச் செய்முறை எழுதிக் குடுத்து, எல்லா நாட்டு ஜனங்களும் அதை வாங்கிச் சமைக்க வெச்சாரு. உடைஞ்ச சீஸ் வித்துப் போச்சு. இதைச் சொல்லும்போது கைடம்மாவுக்குக் குரல் கம்மிப் போச்சு, அவங்க வீட்டுச் சுவரும் அன்னிக்கு விரிஞ்சுது.

அப்புறம் தொழுவம். டூர் திட்டத்துல இது பத்து நிமிஷம்தான், மாட்டைப் பார்த்து போட்டோ எடுத்துட்டு வர்றது. அங்க வேலை பார்த்துட்டு இருந்தவரு தலைப்பாகை கட்டுன ஒரு சர்தார்ஜி. ஜலந்தர் பக்கம், வந்து 18 வருஷம் ஆச்சாம். எனக்கு இது முன்னாடியே லேசா தெரியும், போ சமவெளில இருக்கற மாட்டுத் தொழுவத்துல 1980-கள்ல இருந்தே பஞ்சாப்காரங்க வேலைக்கு வர ஆரம்பிச்சாங்க, இன்னிக்கு அவங்க இல்லைன்னா கறவை நடக்காது, ரெஜ்ஜோவுக்குப் பக்கத்துல நோவெல்லாராவுல 2000-ல பெரிய குருத்வாராவே கட்டிட்டாங்க. ஆனா படிச்சுத் தெரிஞ்சுக்கறது வேற, அதிகாலை மூணு மணிக்கு எந்திரிச்சு கறவையை முடிச்சுட்டு ஈரக் கையோட நிக்கற மனுஷனை நேர்ல பார்க்கறது வேற. இந்த சீஸோட விளம்பரத்துல இந்த முகம் எங்கயும் நான் பார்த்ததில்ல. வரணும். பேர்ல இத்தாலியோட ரெண்டு ஊர் இருக்கட்டும், ஆனா காலைல மடி கழுவறது யாருன்னும் ஜனங்களுக்குத் தெரியணும்.

அப்பாவுக்கு ஹிந்தி வராது. சர்தார்ஜிக்குத் தமிழ் வராது. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் பாதி ஹிந்தில தடுமாறிட்டு இருந்தேன், அஞ்சு நிமிஷத்துல நான் தேவைப்படல. அப்பா ஒரு மாட்டுக்கிட்ட போயி நாக்கை மேலண்ணத்துல ஒட்டி "ட்ரா ட்ரா"ன்னு எங்க ஊர்ல கூப்பிடற மாதிரி சத்தம் குடுத்தாரு, அது மெல்லத் திரும்பிப் பார்த்து கையை நக்குச்சு. சர்தார்ஜிக்கு சந்தோஷம் தாங்கல. அப்பா உள்ளங்கைல விரலால எழுதிக் காட்டி ஃபேட் எவ்வளவுன்னு கேக்கறாரு, அவரு பதிலுக்கு எழுதிக் காட்டறாரு, எத்தனை லிட்டர், எத்தனை ஈத்து, மடிநோய் வருதா. மடிநோய்ங்கறதை எப்படிக் கேட்டாருன்னு எனக்கு இன்னைக்கும் தெரியல, சும்மா மடியைக் காட்டி முகத்தைச் சுளிச்சாரு, அவருக்குப் புரிஞ்சுருச்சு. பத்து நிமிஷம் நாப்பது நிமிஷம் ஆச்சு. கைடம்மா வேனை நிறுத்தி வெச்சு காத்திருந்தாங்க, ஒரு வார்த்தை சொல்லல, அதுக்கு நான் அவங்களுக்கு எப்பவும் நன்றியோட இருப்பேன்.

கிளம்பும்போதுதான் அப்பா அவர் தொழில்ல கடைசிக் கேள்வியைக் கேட்டாரு. "லிட்டருக்கு எவ்வளவு குடுக்கறாங்கன்னு கேளு." கைடம்மா விளக்குனாங்க. இது மாதிரி சீஸ் பண்ற இடம் சுமார் 300 இருக்குது, அதுல நிறைய கூட்டுறவு சங்கம், பால் ஊத்தற விவசாயிங்களே முதலாளி. சீஸ் வித்து வர்ற பணத்துலதான் பாலோட கடைசி விலை முடிவாகும், சாதாரணப் பாலை விட கூடுதலாத்தான் கிடைக்கும். அந்தக் கூடுதலுக்குக் காரணம் அந்தப் பேரு. 1934-ல எல்லாரும் சேர்ந்து ஒரு அமைப்பு வெச்சாங்க, இந்தப் பகுதில இந்த முறைல பண்றதுக்கு மட்டும்தான் பேருன்னு பிடிவாதமா நின்னாங்க, 2008-ல விஷயம் ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போயி 'பார்மசான்'ங்கற பேரையும் வேற யாரும் ஐரோப்பால அவங்க சீஸுக்கு வெச்சுக்கக் கூடாதுன்னு ஆயிருச்சு. எங்க ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல புவிசார் குறியீடு வந்துது. வந்ததோட சரி, அந்தப் பேரைக் காப்பாத்தி விவசாயி கைக்குக் காசா மாத்தறதுக்கு இவங்க மாதிரி தலைமுறை தலைமுறையா நிக்கணும்னு எனக்கு அங்கதான் புரிஞ்சுது.

அடுத்த நாள் லாங்கிரானோ, பார்மா ஹாம் பண்ற ஊரு. மலை அடிவாரம். பன்னித் தொடை, கடல் உப்பு, மலைக்காத்து, 14 மாசம், வேற எதுவும் கிடையாது. அந்தப் பன்னிங்களுக்குத் தீவனத்துல சீஸ்ல மிச்சமான தண்ணியும் சேருது, அதாவது நேத்து பார்த்த கொப்பரைல இருந்து இன்னிக்குத் தொங்கற தொடைக்கு ஒரு வழி இருக்குது. அப்பா சாப்பிடாட்டியும் ஒண்ணைக் கவனிச்சாரு. ஒரு பெரியவரு குதிரை எலும்புல செஞ்ச ஊசியைத் தொடைல அங்கங்க குத்தி, உடனே மூக்குக்கிட்ட கொண்டு போயி மோந்து பார்க்கறாரு. எலும்பு வாசனையைச் சட்டுன்னு பிடிச்சு சட்டுன்னு விட்டுருமாம், அதனால அடுத்த குத்துக்குத் தயாரா இருக்கும். "நாங்க கேன் மூடியைத் திறந்த உடனே மோந்து பார்ப்போமே, அதுதான்"னாரு அப்பா. முதல் ஆவிலயே பால் கெட்டதா நல்லதான்னு தெரிஞ்சுரும்னு அவரு சின்ன வயசுல எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காரு.

மோதெனால பால்சாமிக் வினிகர். கடைல நாம வாங்கற பாட்டில் பெரும்பாலும் திராட்சைச் சாறும் வைன் வினிகரும் கலந்து ரெண்டு மாசத்துல தயாராகறது, அதுவும் சட்டப்படி சரிதான். ஆனா 'டிரெடிசியொனாலே'ன்னு இருக்கறது வேற ஜாதி. திராட்சைச் சாறை மட்டும் திறந்த கொப்பரைல சுண்டக் காய்ச்சி, பெருசுல இருந்து சிறுசு வரைக்கும் வரிசையா அடுக்குன மரப் பீப்பாய்ல விடறாங்க, ஓக், செஸ்ட்நட், செர்ரி, மல்பெரின்னு ஒவ்வொரு மரம். வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாத்துலயும் சின்ன பீப்பாய்ல இருந்து கொஞ்சம் எடுத்துட்டு, அந்தக் குறையை அடுத்த பெருசுல இருந்து நிரப்பி, அதோட குறையை அதுக்கடுத்ததுல இருந்து நிரப்பி, கடைசில பெருசுல புதுச் சாறு. குறைஞ்சது 12 வருஷம், உசந்தது 25 வருஷம். 100 மில்லி பாட்டில், கார் டிசைன் பண்ற ஜியுஜாரோ வடிவமைச்சது, 25 வருஷத்துது நூறு யூரோவுக்கும் மேல.

அது வெச்சிருந்தது ஒரு வீட்டு மொட்டை மாடிக்குக் கீழ இருக்கற பரண்ல. வெயில்காலத்துல கொதிக்கணும், குளிர்காலத்துல உறையணும், அப்பதான் சரியா வருமாம், அதனால பரண். ஏறுனதும் மூக்குல புளிப்பும் மரமும் கலந்த வாசனை. அந்த வீட்டுப் பாட்டி ஒரு பீப்பாய் வரிசையைக் காட்டி, இது என் மக பொறந்தப்ப ஆரம்பிச்சதுன்னாங்க. இந்தப் பக்கத்துல பொண்ணு பொறந்தா ஒரு வரிசை ஆரம்பிக்கறது பழைய வழக்கம், கல்யாணத்துக்குச் சீரா போகும். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் அந்தப் பீப்பாயையே பார்த்துட்டு, "நீ பொறந்த வருஷம் நான் ஒரு மாடு வாங்குனேன், அதோட வம்சத்துலதான் நீ இஞ்சினியரிங் படிச்சே"ன்னாரு. எனக்கு அது வரைக்கும் தெரியாது. வீட்டுல இப்ப நிக்கற மாடு கூட அதோட பேத்தி பேத்தியாம், அம்மா அதனாலதான் விட்டுட்டு வரமாட்டேங்கறாங்க. பாட்டி ஆளுக்கு ஒரு சொட்டு ஸ்பூன்ல விட்டாங்க. அப்பா நாக்குல வெச்சு, "நாட்டுச்சக்கரையும் புளியும் சேத்துக் காய்ச்சுனாப்பல இருக்குது, ஆனா அடில கட்டை வாசம்"னாரு. என்கிட்ட கேட்டா அதை விட நல்லா அந்த ருசியைச் சொல்ல முடியாது.

போலோன்யா எனக்கு ரொம்பப் பிடிச்சுது, அப்பாவுக்குக் கூட்டம் பிடிக்கல. 1088-ல இருந்து பல்கலைக்கழகம் இருக்கற ஊரு, 62 கிலோமீட்டர் நீளத்துக்குத் தூண் வெச்ச நடைபாதைங்க, மழை வந்தாலும் குடை வேண்டாம். சாஞ்சு நிக்கற கரிசெந்தா கோபுரத்தைச் சுத்தி 2023 அக்டோபர்ல இருந்து அடைச்சு வெச்சிருக்காங்க, விழுந்துரக் கூடாதுன்னு. பழைய மார்க்கெட் சந்துகள்ல இப்ப டூரிஸ்டுக்காகத் தட்டுத் தட்டா இறைச்சி அடுக்கி விக்கற கடைதான் முக்கால்வாசி, ஊர்க்காரங்க காய் வாங்கற கடை குறைஞ்சுட்டே வருதுன்னு கைடம்மாவே வருத்தப்பட்டாங்க, அந்த டூரிஸ்டுல நாங்களும் சேர்த்திதான்.

அங்க ஒரு அம்மா கையால பாஸ்தா பண்ணக் காட்டுனாங்க. 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை, தண்ணி கிடையாது. ஒரு மீட்டர் நீளப் பூரிக்கட்டையால பலகை நிறைய பரப்பி, தூக்கிப் பிடிச்சா அந்தப் பக்கம் மலை மேல இருக்கற சான் லூக்கா கோவில் தெரியணுமாம், அவ்வளவு மெல்லிசு. அதைச் சுருட்டி அறுத்தா தால்யாதெல்லே. வெந்ததுக்கப்புறம் 8 மில்லிமீட்டர் அகலம் இருக்கணும்னு 1972-ல வர்த்தக சபைல பதிவே பண்ணி, தங்கத்துல ஒரு மாதிரி செஞ்சு வெச்சிருக்காங்க. நம்ம ஊர்ல 'ஸ்பகெட்டி போலோனைஸ்'னு விக்கறதை இந்த ஊர்ல யாரும் பண்றதில்ல, இறைச்சிக் கொழம்பு இந்த அகல நூடுல்ஸ்லதான் ஒட்டும்ங்கறாங்க, சாப்பிட்டுப் பார்த்ததுல அது உண்மை.

அன்னிக்கு மத்தியானம் ஒரு கஷ்டம். ஒரு ஹோட்டல்ல அப்பாவுக்குக் கறி வேண்டாம்னு முன்னாடியே எழுதிக் குடுத்திருந்தோம், சரின்னாங்க, பூசணிக்காய் ரிசோத்தோ வந்துது. அப்பா நாலு வாய் சாப்பிட்டதுக்கப்புறம் எனக்கு என்னமோ உறுத்தி கேட்டா கோழித் தண்ணில வேக வெச்சதாம். எனக்கு அழுகையே வந்துருச்சு. அப்பா ஸ்பூனைக் கீழ வெச்சுட்டு, "தெரியாம நடந்ததுக்கு பெருமாள் கோவிச்சுக்க மாட்டாரு, நீ சாப்புடு கண்ணு"ன்னு என் தட்டை என் பக்கம் நகர்த்தி வெச்சாரு. சாயங்காலம் தலைக்குக் குளிச்சுட்டு ரூம்ல கொஞ்ச நேரம் கண்ணை மூடி உக்காந்திருந்தாரு. பார்மால மட்டும்தான் அவருக்கு நிம்மதியா சாப்பாடு, கீரையும் ரிக்கோட்டாங்கற மெத்துன்னு இருக்கற பால்கட்டியும் உள்ள வெச்ச தொர்தெல்லிங்கற பாஸ்தா, மேல சீஸ் போடாம.

கடைசி நாள் ரவென்னா. சாப்பாடு இல்ல, மொசைக். கல்லா பிளாசிடியா மண்டபம் வெளிய பார்த்தா செங்கல் கட்டடம், குனிஞ்சு உள்ள போனா கல் ஜன்னல் வழியா தேன் கலர்ல கொஞ்சூண்டு வெளிச்சம், கண்ணு பழகப் பழக தலைக்கு மேல கருநீல வானம், அதுல நூத்துக்கணக்கான தங்க நட்சத்திரம். 1,500 வருஷத்துக்கும் முன்னாடி சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டா ஒட்டுனது. அஞ்சு நிமிஷம்தான் உள்ள விடுவாங்க. அப்பா வெளிய வந்து, "ஒவ்வொண்ணா வெச்சிருக்கான் பாரு"ன்னு மட்டும் சொன்னாரு.

போலோன்யா ஏர்போர்ட்ல அப்பா அவரே கடைக்குப் போயி, பணம் என்கிட்ட வாங்காம, அவரு மாத்தி வெச்சிருந்த யூரோவுல ஒரு கிலோ பர்மிஜானோ வாங்குனாரு. காத்து எடுத்து பேக் பண்ணது, 24 மாசம். நீங்கதான் சாப்பிட மாட்டீங்களேப்பான்னேன். எனக்கு இல்லன்னாரு.

ஊருக்குப் போனதும், ஐப்பசி முடியறதுக்குள்ள ஒரு நாள் காலைல வீடியோ கால் வந்துது. சங்கத்துல இருந்து. இப்ப இருக்கற செகரெட்டரிப் பையன் போனைப் பிடிச்சுட்டு நிக்கறான், அப்பா மேசை மேல அந்த சீஸ் கட்டியை வெச்சு, கத்தியால அறுக்காம, நுனியைக் குத்தித் திருகி உடைக்கறாரு, கைடம்மா காட்டிக் குடுத்த மாதிரியே. முன்னாடி ஒரு தடவை ஸ்பூன் காம்பால தட்டிக் காதை வெச்சும் பார்த்தாரு. எதுல உறைய வெக்கறாங்கங்கறதையும் மறைக்காம சொன்னாரு, வேண்டாங்கறவங்க வேண்டாம்னாரு. ரெண்டு பேரு நகர்ந்தாங்க, மத்தவங்க கை நீட்டுனாங்க. 14 லிட்டர், ரெண்டு வருஷம், சைலேஜ் கிடையாது, பேங்க் கடன் குடுக்குதுன்னு எல்லாத்தையும் வரிசையா சொல்லிட்டு இருந்தாரு. எனக்கு ஒரு வயசுல இருந்து தெரிஞ்ச ஆத்தா ஒருத்தங்க, ரெண்டு மாடு வெச்சு பால் ஊத்தறவங்க, ஒரு துணுக்கை வாயில போட்டு ரொம்ப நேரம் சப்பிப் பார்த்தாங்க. போசியை இடுப்புல வெச்சுக்கிட்டு, "நல்லாத்தான் இருக்குது தம்பி"ன்னாங்க. அப்புறம் கேட்டாங்க, "அங்க ஊத்தறவங்களுக்கு லிட்டருக்கு எவ்வளவு குடுக்கறாங்களாம்?"

அப்பா சேரை இழுத்துப் போட்டு உக்காந்தாரு.